ஞாயிற்றுக்கிழமைத் தராசு

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் முதலில் தராசு, அப்புறம்தான் காபி.

தராசு என்றால் குளியலறை மூலையில் கிடக்கும் கண்ணாடித் தட்டு என்று நினைத்துவிட வேண்டாம். மூட்டை நிறுக்கிற இரும்புத் தராசு. மாமனார் முப்பத்தோரு வருடம் லாரி எடை மேடையில் வேலை பார்த்தவர். மேடையை இழுத்து மூடிய அன்று மற்றவர்கள் ஆளுக்கொரு கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். இவர் மட்டும் எனக்குக் கடிகாரம் வேண்டாம் என்று சொல்லி, கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த தராசைக் கேட்டு வாங்கி, வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார். கூடத்தில் சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே அதற்கு இடம். பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. பலகையில் நான்கு கட்டம்: நான், மகன், பேத்தி, மூட்டை.

மூட்டை என்பது மருமகள். கல்யாணமாகி வந்த முதல் மாதமே மாமனார் வைத்த பெயர். அப்போது அவள் அறுபத்தெட்டு கிலோ. அப்படியொன்றும் பெரிய மூட்டை இல்லை. வைத்த பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று உடம்பு முடிவு செய்துவிட்டதோ என்னவோ, பதினாலு வருடத்தில் தொண்ணூற்றொன்றுக்கு வந்து நின்றது. கணவனும் அப்படியே கூப்பிட்டான். மகள் மூன்று வயதில் மழலையாக “மூத்தை” என்றபோது வீடே வயிறு வலிக்கச் சிரித்தது. இப்போது மகளுக்குப் பதினொன்று. காய்ச்சல் வந்தால் மட்டும் அம்மா என்பாள். மற்ற நாளெல்லாம் மூட்டைதான்.

ஞாயிறு காலை ஒவ்வொருவராக ஏறுவார்கள். மாமனார் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, கம்பியின் மேல் எடைக்கல்லை மெல்ல நகர்த்துவார். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் டிரைவருக்குக் கேட்க வேண்டும் என்பது போலக் கத்துவார்.

“பேத்தி, முப்பது! மகன், அம்பத்தி நாலு! அடுத்து வா மூட்டை, பார்த்து ஏறு, தரை தாங்கணும். தொண்ணூத்தி ஒண்ணு! ஓவர் லோடு!”

சாக்பீஸால் எழுதி முடித்ததும் மேஜைக்குப் போவார்கள். யாருக்கு எவ்வளவு என்பதையும் அவர்தான் சொல்வார். மகனுக்கு நாலு முட்டை, ரொட்டிக்கு இரண்டு பக்கமும் வெண்ணெய், ஆட்டுக்கறியில் கொழுப்புள்ள துண்டு. பேத்திக்கும் அப்படியே. மூட்டைக்கு உலர்ந்த ரொட்டி இரண்டு. சமைக்கிறவள் அவள்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெண்ணெயை உருக்கி, கறியை வதக்கி, முட்டையைப் பொரித்து, எல்லோர் தட்டிலும் வைத்துவிட்டு அவள் உலர்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்பாள்.

மாமனாருக்கு உலகத்தில் ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. தாள் பொய் சொல்லும், தராசு பொய் சொல்லாது. முப்பத்தோரு வருடம் டிரைவர்கள் இருபத்து நாலு டன்னை ஏற்றிக்கொண்டு பதினெட்டு டன் என்று சீட்டு நீட்டியிருக்கிறார்கள். முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும், எல்லாமே பொய்யாக இருக்கும். வண்டியை மேடையில் ஏற்றினால் குட்டு உடைந்துவிடும். பாரம் ஏறிய வண்டிக்கு அச்சு முறியும், பாரமில்லாத வண்டி அது பாட்டுக்கு ஓடும், மனுஷனும் அப்படித்தான் என்பது அவர் கணக்கு. மாமியார் நாற்பத்து நாலு வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாரே, அவர் நாற்பத்தாறு கிலோதானே என்று யாரும் மாமனாரிடம் கேட்டதில்லை. மாமியாரின் அண்ணனும் நாற்பதைத் தாண்டவில்லை. அவரும் ஒல்லிதான். “கண்ணு பட்டுடுச்சு” என்று மாமனார் சொல்வார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஃபிரேம் மாட்டிவிடுவது, மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது, இரண்டு கண்மணிக்கும் நடுவிலுள்ள தூரத்தை ஸ்கேலால் அளப்பது. நாள் முழுக்க ஊரார் முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்க்கிற வேலை. வாரத்தில் மூன்று நாள் ஒரு கண் டாக்டரம்மா கடைக்கு வருவார். கடையில் அவளை மூட்டை என்று யாரும் கூப்பிடுவதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவள் லீவு போடாமல் வேலைக்குப் போனாள்.

கணவன் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டிடம் கட்டிடமாக ஏறி இறங்குவான். நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு மை. நாற்பது வயதில் பொடி எழுத்து மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததும், ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்தான். டாக்டரம்மா அவன் கண்ணில் விளக்கடித்தார். எழுத்துப் பலகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இமையை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார்.

“இது எவ்வளவு நாளா இருக்கு?”

மேல் இமையில் மூக்கை ஒட்டிய மூலையில், மஞ்சளாக இரண்டு சின்ன மேடு. அவள் அதைத் தினமும் பார்த்திருக்கிறாள். மரு என்று நினைத்திருந்தாள்.

“அது பாட்டுக்கு இருக்கு டாக்டர். வலிக்கல” என்றான் கணவன்.

“வலிக்காது. கொழுப்பு அது. கருவிழியைச் சுத்தி வெள்ளை வளையமும் இருக்கு. எழுபது வயசுல இருந்தா நான் கண்டுக்க மாட்டேன். உங்களுக்கு நாப்பது. வீட்டுல யாராவது சின்ன வயசுலயே நெஞ்சுவலியில போயிருக்காங்களா?”

“இல்லையே. அம்மா தூக்கத்துலதான் போனாங்க.”

“எத்தனை வயசுல?”

அவன் சொன்னான். டாக்டரம்மா பேனாவை எடுத்துவிட்டார்.

“ஒல்லியாத்தானே டாக்டர் இருக்கேன்” என்று அவன் இளித்தான். “கொழுப்பு பார்க்கணும்னா இவளைப் பாருங்க.”

“இடுப்புல இருக்கிறது வேற, ரத்தத்துல ஓடுறது வேற. ரத்தத்துல இருக்கிற கெட்ட கொழுப்பை ஈரல் இழுத்து எடுக்கணும். சில பேருக்கு அது பிறவியிலேயே சரியா எடுக்காது. குடும்பத்துல வழிவழியா வரும். கொழுப்பைத் தின்னா இன்னும் ஏறும், ஆனா பட்டினி கிடந்தாக்கூட முழுசா இறங்காது. மாத்திரை போட்டா இறங்கும். போடலைன்னா உள்ளுக்குள்ள குழாய் அடைஞ்சுக்கிட்டே வரும், வெளியில ஒண்ணும் தெரியாது. முதல்ல ரத்தத்தைப் பார்க்கணும்.” சீட்டு எழுதி அவனிடம் கொடுக்கவில்லை. அவளிடம் கொடுத்தார். “நீ கூட்டிட்டுப் போ. விட்டுடாதே.”

வீட்டுக்கு வந்ததும் அவள் கூடத்தில் மாட்டியிருந்த மாமியார் படத்தைத் துடைக்கிற சாக்கில் உற்றுப் பார்த்தாள். ஸ்டுடியோக்காரன் கன்னத்துக்கு ரோஸ் பூசி, தலைமுடியைக் கறுப்பாக்கி, என்னென்னவோ செய்திருந்தான். இமை மூலையை மட்டும் விட்டுவிட்டான். இரண்டு பக்கமும் மஞ்சள் மேடு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாலு வருடமாக இதைத் துடைத்துக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தராசு முடிந்து மேஜையில் உட்கார்ந்ததும் சீட்டை எடுத்து வைத்தாள்.

“மாமா, டாக்டரம்மா இவருக்கு ரத்தம் பார்க்கச் சொன்னாங்க. கொலஸ்ட்ரால் இருக்கும்போலன்னு சந்தேகப்படுறாங்க. அத்தைக்கும் அதுதான் இருந்திருக்கும். படத்துல பாருங்க, கண்ணுகிட்ட…”

மாமனார் சாப்பிடுவதை நிறுத்தினார். சீட்டைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மருமகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு ஆரம்பித்தது சிரிப்பு.

“யாருக்கு? இவனுக்கா? டேய், எந்திரிடா. ஏறு.”

கணவன் வாயில் முட்டையோடு எழுந்து போய் ஏறினான்.

“அம்பத்தி நாலு. நீ ஏறு மூட்டை. ஏறுன்னா ஏறு. தொண்ணூத்தி ஒண்ணு. இப்ப சொல்லு, கொழுப்பு யாருகிட்ட இருக்கு?”

கணவன் சிரித்தான். மகள் ரொட்டி வெளியே தெறிக்கச் சிரித்தாள். “தாத்தா, மூட்டைக்குக் கணக்கே தெரியல!” என்றாள். மாமனார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். சீட்டில் மகன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதன் பக்கத்தில் மருமகளின் பெயரை எழுதினார். முப்பத்தோரு வருடப் பழக்கம். தப்பான சீட்டைத் திருத்திக் கொடுக்கிற கை அது.

“டாக்டர் தெரியாம பெயரை மாத்திப் போட்டுட்டாங்க. போய் உன் ரத்தத்தைக் கொடுத்துட்டு வா. செத்தவளை எதுக்கு இழுக்கிற? என் பொண்டாட்டி மேல ஒரு பிடி கொழுப்பு கிடையாது.”

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். “விடுங்கப்பா, நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்” என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் தட்டை நீட்டி, “இன்னொரு முட்டை” என்றான்.

மறுநாள் அவள் வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்தாள். பிடிவாதம்தான். மொத்தம் நூற்று எழுபத்தொன்று. கெட்ட கொழுப்பு தொண்ணூற்றாறு. பரிசோதனைச்சாலைக்காரர் தாளை நீட்டும்போது, “நல்லா இருக்கும்மா” என்றார். அவளை யாரும் நல்லா இருக்கிறாய் என்று சொல்லி வெகு காலம் ஆகியிருந்தது. மாலையில் தாளைக் கொண்டுவந்து மாமனார் முன்னால் வைத்தாள்.

அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “முத்திரையெல்லாம் ஜோரா இருக்கு” என்றார். “எத்தனை பார்த்திருப்பேன் இந்த மாதிரி.” தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினார். மேஜை ஆடுவது நின்றது.

அன்றிலிருந்து அவள் ஒன்றைத் தனக்குள் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். நான் சொல்லியாச்சு. ஒரு தடவை, எல்லோர் முன்னாலும், தெளிவாகச் சொல்லியாச்சு. கேட்காதது அவர்கள் பாடு. இந்த நினைப்பு முதலில் கசப்பாக இருந்தது. பத்து நாளில் பழகிவிட்டது. ஒரு மாதத்தில், இதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது, இனிப்பாகவே இருந்தது. மாமனார் “ஓவர் லோடு” என்று கத்தும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டு கணவனின் இமையைப் பார்ப்பாள். மஞ்சள் மேடு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது. உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மட்டம் தட்டப்பட்டே வாழ்கிற ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய சொத்து என்று, மட்டம் தட்டப்படாதவர்களுக்கு விளங்காது.

வெண்ணெயை அவள் தாராளமாகவே போட்டாள். கேட்பதற்கு முன்னால் போட்டாள். கறியின் கொழுப்புத் துண்டைத் தேடி எடுத்து அவன் தட்டில் வைத்தாள். “மூட்டைக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு” என்று மாமனார் மெச்சிக்கொண்டார். இரண்டொரு தடவை, கரண்டியோடு நிற்கும்போது, அவளுக்கே தன் கையைப் பார்த்துப் பயமாக இருந்தது. கேட்டதைத்தானே கொடுக்கிறேன் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா கடையில் கேட்டார்.

“உன் வீட்டுக்காரர் ரத்தம் பார்த்தாரா?”

நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கலாம். சொன்னால் தராசைச் சொல்ல வேண்டும், பலகையைச் சொல்ல வேண்டும், மூட்டை என்ற பெயரைச் சொல்ல வேண்டும். அவளை மனுஷியாக வைத்திருக்கும் ஒரே இடம் அந்தக் கடை. அங்கே போய் அதை அவிழ்த்துக் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

“பார்த்தாச்சு டாக்டர். மொத்தம் நூத்தி எழுபத்தொண்ணு. கெட்டது தொண்ணூத்தி ஆறு.”

“அப்படியா?” டாக்டரம்மாவின் புருவம் ஏறியது. “ஆச்சரியமா இருக்கே. சரி, நல்லதுதான். வருஷம் ஒரு தடவை பார்த்துக்கச் சொல்லு.”

தாளில் இருந்த எண்ணைத்தானே சொன்னேன், அதிலே பொய் ஒன்றும் இல்லையே என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள். அதற்கப்புறம் பதினோரு மாதம் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

கேட்டது கணவன்தான். ஒரு மத்தியானம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தவன், சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமனார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவன் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“இங்க பாரு. ரெண்டு மாடி ஏறினா நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கு. தாடைக்கெல்லாம் வலிக்குது. கொஞ்ச நேரம் நின்னா சரியாயிடுது. கேஸ் ட்ரபிளா இருக்குமோ?”

அவள் சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி நின்றது. அவன் மூட்டை என்று கூப்பிடவில்லை என்பதை அவள் கவனித்தாள். அவனுக்கு உள்ளூரப் பயம் என்பதையும் கவனித்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். கையைப் பிடித்து அப்போதே கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால், பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தட்டை நீட்டி இன்னொரு முட்டை கேட்ட அந்த முகம் கண் முன்னால் வந்து நின்றுகொண்டது.

“உங்க அப்பாகிட்ட கேளுங்க” என்றாள். “தராசுல ஏத்திப் பார்த்துச் சொல்லுவார்.”

அவன் சிரித்தான். பாவி, அவன் சுபாவம் அது. யார் எதைச் சொன்னாலும் சிரித்துவிடுவான். “நல்லாச் சொன்னே” என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு போய்ப் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்து மூன்று காட்டியது. “ஒரு கிலோ குறைஞ்சுட்டான், வெண்ணெயைக் கூட்டு” என்று மாமனார் உத்தரவு போட்டார்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஏதோ ஒரு அலுவலகத்தின் மூன்றாவது மாடிப் படியில் அவன் உட்கார்ந்தான். கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால், களைப்பாக இருக்கிறான் என்று நினைத்து நாலைந்து பேர் ஒதுங்கி ஏறிப் போனார்களாம். வயது நாற்பத்தொன்று.

வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மாமனார் மருமகளைக் கை காட்டினார். “பாருங்க, சாய வேண்டிய லோடு நின்னுக்கிட்டிருக்கு. என் பிள்ளை சாய்ஞ்சுட்டான்.” அவள் வாயே திறக்கவில்லை. துக்கத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மூன்றாவது ஞாயிறு அவர் மறுபடியும் சாக்பீஸை எடுத்தார். மகன் கட்டத்தில் இருந்த ஐம்பத்து மூன்றை அழிக்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று டாக்டரம்மா அவளைத் தனி அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“எனக்கு மனசே ஆறல. கண்ணுல அப்படி இருந்த மனுஷனுக்கு நூத்தி எழுபத்தொண்ணுன்னு எப்படி வந்துச்சு? அந்த ரிப்போர்ட்டை எடுத்துட்டு வா. அதோட, குழந்தையைக் கூட்டிட்டு வா. அப்பாவுக்கு இருந்திருந்தா பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. இந்த வயசுல கண்ணுல ஒண்ணும் தெரியாது, ரத்தத்துலதான் தெரியும்.”

பதினாலு மாதமாக அவள் கணவனின் இமையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளை அவள் நினைக்கவே இல்லை. அந்த வெண்ணெய் மகளின் ரொட்டியிலும் இரண்டு பக்கமும் இருந்தது.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு ஆகியிருந்தது. ரத்தம் எடுத்தபோது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கெட்ட கொழுப்பு இருநூற்று அறுபத்து நாலு. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பிறகு மகளிடமே நேராகப் பேசினார்.

“பயப்படாதே. உன் தப்பு ஒண்ணும் இல்ல, தின்னு வந்ததும் இல்ல. உங்க பாட்டிகிட்ட இருந்து அப்பாவுக்கு வந்து, அப்பாகிட்ட இருந்து உனக்கு வந்திருக்கு. தினம் மாத்திரை போடணும். எதைச் சாப்பிடணும், எதை விடணும்னு சொல்லித் தர்ற டாக்டர்கிட்ட அனுப்புறேன். ஒழுங்காப் போட்டா நீ பாட்டியாகிற வரைக்கும் இருக்கலாம். விட்டுட்டாதான் ஆபத்து.” பிறகு அம்மா பக்கம் திரும்பினார். “அந்த ரிப்போர்ட் கொண்டு வந்தியா?”

மேஜைக் காலுக்கு அடியிலிருந்து உருவிய தாள். மடிப்பில் கறுத்திருந்தது. டாக்டரம்மா பிரித்துப் படித்தார்.

“இதுல உன் பேர் இருக்கு.”

“ஆமா டாக்டர்.”

“நான் அவருக்கு இல்ல எழுதிக் கொடுத்தேன்? இது யாரோட ரத்தம்?”

“என்னோடது.”

“அப்ப அவர் பார்க்கவே இல்லையா? நான் கேட்டப்ப பார்த்தாச்சுன்னு சொன்னியே?”

அவள் தாளைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தாள். டாக்டரம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் மோசமாக இருந்தது. மகள் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தவள், ஆட்டுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தும் முன்னால் போய் நின்றுகொண்டு வந்தாள்.

மாமனாரிடம் தாளைக் காட்டியபோது பழைய கதைதான். அவர் பேத்தியைத் தராசில் ஏற்றினார். “முப்பத்தி ஒண்ணு. இதுக்குக் கொலஸ்ட்ராலாம்! பிள்ளையைத் தின்னது பத்தலையா, பேத்திக்கும் விஷத்தைக் கொடுக்கப் பார்க்கிறியா?” மாத்திரை அட்டையைப் பிடுங்க வந்த கையை மருமகள் பிடித்துத் தள்ளினாள். தொண்ணூற்றொரு கிலோவும் சேர்ந்து தள்ளியது. கிழவர் போய்த் தராசின் மேலேயே உட்கார்ந்தார். அதற்கப்புறம் மாத்திரை விஷயத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை. வெண்ணெய் வீட்டுக்குள் வருவதும் நின்றது.

அவள் மகளை நிழல் மாதிரி துரத்தினாள். மாத்திரை போட்டியா, தண்ணி குடிச்சியா, முழுங்கினியா, வாயைத் திற, நாக்கைத் தூக்கு. காலையில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஒரு தடவை, செருப்பு மாட்டும்போது ஒரு தடவை. மகள் எல்லாவற்றுக்கும் பேசாமல் வாயைத் திறந்து காட்டுவாள். மூட்டை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அம்மா என்றும் கூப்பிடவில்லை. எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு காலை தராசு சும்மா கிடந்தது. மாமனார் எழுந்து வரவில்லை. மகள் பலகையின் முன்னால் போய் நின்று, அப்பாவின் கட்டத்தில் இருந்த ஐம்பத்து மூன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு கையில் தண்ணீரும் ஒரு கையில் மாத்திரையுமாக வந்தாள்.

“மாத்திரை.”

“என்கிட்ட இன்னைக்கு மட்டும் நாலு தடவை கேட்டுட்டே” என்றாள் மகள், பலகையைவிட்டுத் திரும்பாமலே. “அப்பாகிட்ட எத்தனை தடவை சொன்னே?”

பொய் சொல்லலாம். பத்து தடவை, இருபது தடவை, அவர் கேட்கவே இல்லை என்று சொன்னால் குழந்தைக்குத் தெரியவா போகிறது? தெரியும். அந்த மேஜையில் மகளும் உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு தடவை.”

மகள் திரும்பினாள். அப்பாவின் கண் அது. இமையில் மட்டும் இன்னும் ஒன்றும் இல்லை.

“நானும் அன்னைக்குச் சிரிச்சேன்” என்றாள். மாத்திரையை வாங்கி வாயில் போட்டு, தண்ணீர் முழுவதையும் குடித்து, யாரும் கேட்பதற்கு முன்னால் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். பிறகு தம்ளரை அம்மாவின் கையில் திணித்தாள்.

“நாளைக்கும் கேளு. நான் சிரிச்சாலும் கேளு.”